பூச்சு காய்வதற்குள் முடிந்த அட்மிஷன்

இரண்டு கண்களின் மேலும் வெள்ளரிக்காய் வில்லைகள். நெற்றி, கன்னம், தாடை எல்லாவற்றிலும் பச்சை நிறத்தில் ஒரு பூச்சு. வேப்பிலையும் புதினாவும் கலந்த மணம். பின்னால் சாய்கிற நாற்காலி ஒன்றில் நான் மல்லாந்து கிடந்தேன்.

கட்டப்பனையில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அழகுக்கலைப் பயிற்சி நிலையம். என் மகள் ரேவதியை அங்கே சேர்க்கலாமா, எவ்வளவு செலவாகும், படித்து முடித்தால் என்ன கிடைக்கும் என்று விசாரிக்கத்தான் அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். விசாரிக்க மட்டும்.

அன்றைக்கு மாணவிகளுக்கு முகப்பூச்சுப் பாடம். மாடலாக உட்கார வேண்டிய பெண் மழையால் வரவில்லையாம். ஷீபா டீச்சர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் அவர் கண் என் மேல் நின்றது.

"சேச்சி வெறுதே இரிக்குவல்லே? ஒண்ணு இவிட கிடக்காமோ? காசொண்ணும் வேண்டா."

சும்மாதானே இருக்கிறீர்கள், இங்கே கொஞ்சம் படுக்க முடியுமா, காசு எதுவும் தர வேண்டாம் என்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொதுவாகவே அது எனக்கு வராத சொல். பால் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு வருஷம் முழுக்க இரண்டு பேரிடம் பால் வாங்கிய கதையை முன்பே இந்தத் தொடரில் எழுதியிருக்கிறேன்.

ரேவதி வயதுடைய ஒரு பெண் வந்து என் தலைமுடியை ஒரு துணிப் பட்டைக்குள் ஒதுக்கினாள். பிறகு அவள் விரல்கள் நெற்றியில் சுற்றிச் சுற்றி வந்தன. என் முகத்தை இன்னொருவர் அத்தனை நேரம் தொட்டது எனக்கு நினைவில் இல்லை. தூக்கம் வருவது போலவும் அழுகை வருவது போலவும் இருந்தது. இரண்டில் எது என்று தெரியவில்லை.

"மிண்டருது கேட்டோ சேச்சி. சிரிக்கவும் செய்யருது. உணங்கும்போ வர விழும்," என்றார் டீச்சர். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, பூச்சு காயும்போது கோடு விழுந்துவிடும்.

சரி என்று அசையாமல் கிடந்தேன். அப்போதுதான் டீச்சர் என் தலைமாட்டில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஆறு மாசப் படிப்பு ஒன்று, ஒரு வருஷ டிப்ளமோ ஒன்று. ஆறு மாசத்துக்கு மதிப்பு குறைவு. டிப்ளமோவுக்குப் பணம் அதிகம். பிரஷ், கத்தரி, கிரீம் எல்லாம் அடங்கிய பெட்டி தனி. பரீட்சைக் கட்டணம் தனி. யூனிஃபார்ம் தனி. தினமும் பஸ்ஸில் வந்து போக முடியாது என்றால் ஹாஸ்டல் தனி. ஒவ்வொரு 'தனி'க்கும் என் முகம் இறுகிக்கொண்டே வந்தது. பூச்சு காய்ந்ததாலா, கணக்காலா என்று சொல்ல முடியாது.

என்னிடம் இருந்தது ஒரே கேள்வி. இவ்வளவும் கட்டிப் படித்து வந்தால் மாசம் கையில் எவ்வளவு வரும்? ஏலப்பாறையில் பஸ் ஏறியதிலிருந்து அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். மலையாளத்தில் எப்படிக் கேட்பது என்றும் யோசித்து வைத்திருந்தேன். இப்போது வாயைத் திறக்க முடியாது.

"அப்போ அட்வான்ஸ் இன்னு தன்னே அடைக்காம் அல்லே? ரெசீத் எழுதட்டே சேச்சி?"

அட்வான்ஸை இன்றைக்கே கட்டிவிடலாம்தானே, ரசீது எழுதட்டுமா என்று கேட்கிறார். நான் வலது கையைத் தூக்கினேன். உள்ளங்கை அவர்கள் பக்கம் பார்த்திருக்கும்படி.

நான் சொல்ல வந்தது, கொஞ்சம் பொறுங்கள் என்று.

ஒரு பெயரில் தொங்கும் வீடு

அந்தக் கை அப்படியே இருக்கட்டும். எதற்காக நான் இவ்வளவு தயங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஏலப்பாறையிலிருந்து உள்ளே போகும் ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் வீடு. லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் ஒன்று. ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் தண்ணீர்த் தொட்டி. நான் கல்யாணமாகி வந்து ஏறிய வீடு அதுதான். ஆனால் அது எங்கள் வீடு இல்லை. வீட்டில் ஒருவர் பெயராவது எஸ்டேட் செக்ரோலில், அதாவது வேலைக்காரர்களின் பெயர்ப்பட்டியலில் இருக்கும் வரைக்கும் குடியிருக்கலாம். பெயர் போனால் வீடும் போகும்.

என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தவர். சர்வீஸ் முடிந்து இறங்கிவிட்டார். மிச்சம் இருந்தது என் பெயர் மட்டும்.

எனக்கோ தோள்பட்டை போய்விட்டது. இப்போதெல்லாம் கொழுந்தைக் கையால் கிள்ளுவது குறைவு. பை கட்டிய பெரிய கத்தரியால் வெட்டுகிறோம். நாள் முழுக்க அதைத் தூக்கி வெட்டினால் சாயங்காலம் தலை பின்னக் கை மேலே ஏறாது. எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர், கையைத் தோளுக்கு மேல் தூக்காதே என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார். தூக்காமல் எப்படி வெட்டுவது என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸிலிருந்து ஒரு செய்தி வந்தது. வேலைக்காரர்களின் பிள்ளைகள் யாராவது வேலைக்கு வருவதென்றால் இந்த மாசத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும். வராவிட்டால் அந்த இடங்களுக்கு வடக்கிலிருந்து ஆள் எடுப்பார்கள். எங்கள் லயத்திலேயே பாதி வீட்டில் ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள்தான் இருக்கிறார்கள்.

நான் இறங்கிக்கொண்டு ரேவதி பெயரைக் கொடுத்தால் வீடு நிற்கும். ரேவதி அழகுக்கலைப் படிப்புக்குப் போனால், என் தோள் எத்தனை நாள் தாங்குகிறதோ அத்தனை நாள்தான் வீடு.

இரண்டும் ஒரே மாசத்தில் வந்து நின்றன.

"பேரக் குடுத்தா நான் இங்கனதான் எம்மா," என்றாள் ரேவதி. "நாளைக்கு என் பிள்ளையும் பேரு குடுக்கணும். இந்தச் செவுத்துக்கு யாராவது ஒருத்தி முட்டுக் குடுத்துக்கிட்டே இருக்கணுமா?"

"செவுரு இல்லாட்டி எங்கட்டி படுப்ப?" என்றார் அவள் அப்பா.

"சம்பாதிச்சு வாடகைக்குப் படுப்பேன்."

"எவ்வளவு சம்பாதிப்ப?"

அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. அதனால் விசாரிப்பது என்று முடிவு செய்தோம்.

ஆளுக்கு ஒரு பதில்

பக்கத்து வீட்டு சரோஜா மதினியின் அக்காள் மகள் குமுளியில் ஒரு பார்லரில் வேலை செய்கிறாள். இதே டிப்ளமோதான் படித்தவள். ஊருக்கு வந்திருந்தபோது கேட்டேன். கேட்டேன் என்றால், மதினியைக் கேட்கச் சொல்லிவிட்டு நான் பக்கத்தில் நின்றேன்.

அவள் சொன்ன சம்பளம் நான் கொழுந்து வெட்டி வாங்குவதைவிடக் குறைவு. எனக்குப் புரியவில்லை. படித்த பிள்ளைக்கு எப்படிக் குறையும்?

"மொதல்ல அப்படித்தான் சித்தி. டூரிஸ்ட்டுக வந்தா கையில டிப்ஸ் குடுப்பாங்க. அது ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. காலைல இருந்து நின்னுக்கிட்டே இருக்கணும், கணுக்கால் வீங்கிப் போவுது. ஆனா ஒண்ணு, கால்ல அட்டை ஏறாது," என்று சிரித்தாள்.

ஏலப்பாறை ஜங்ஷனில் இரண்டு நாற்காலி போட்டு பார்லர் வைத்திருக்கும் அக்கா வேறு மாதிரிச் சொன்னார். சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது. திங்கள் முதல் வெள்ளி வரை ஈ கூட வராது. அதனால் அதே கடையில் நைட்டியும் குடையும் விற்கிறார். "நைட்டியிலதான் வாடகை கிடைக்குது," என்றார். அப்படியென்றால் படித்ததில் என்ன கிடைக்கிறது என்று கேட்க நினைத்தேன். ஒரு நைட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது பதில்தான் எங்களை நிலை தடுமாற வைத்தது. வாகமண் பக்கம் ரிசார்ட்டுகளில் இப்போது கல்யாணம் நடத்துகிறார்கள். அங்கே மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வரும் ஒரு பெண், ஒரு காலைப் பொழுதுக்கு வாங்கும் பணம் எனக்கு ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல். இதை எங்களுக்குச் சொன்னவர் அந்தப் பெண்ணை ஜீப்பில் கொண்டுபோய் விட்ட டிரைவர்.

வீட்டுக்காரர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "மாசத்துக்கு ஒரு கல்யாணம் கெடச்சாப் போதும்லா. மிச்ச நாளு வீட்ல படுத்துக் கெடக்கலாம்."

சரோஜா மதினி முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணாச்சிக்குக் கனவு பலமாத்தான் இருக்கு. கர்க்கடகத்துல, அதான் நம்ம ஆடியில, இங்க யாரு கல்யாணம் வைப்பா? மார்கழியில நம்மாளுக வைக்க மாட்டாங்க. நோம்புக் காலத்துல கிறிஸ்தியானிக வைக்க மாட்டாங்க. மழை அடிச்சு ரோடு போயிட்டா யாருமே வைக்க மாட்டாங்க. அப்புறம், அந்தப் பொண்ணு ஜீப்ல வாரா. உங்க மக எதுல போவா? கொழுந்து டிராக்டர்லயா?"

அவர் மறுபடியும் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

நான் எட்டாம் வகுப்பு வரை பிறந்த வீட்டு எஸ்டேட் பள்ளிக்கூடத்திலும், அதற்கு மேல் இரண்டு வருஷம் ஏலப்பாறையிலும் படித்தவள். கூட்டல் கழித்தல் நன்றாக வரும். கொழுந்து வெட்டிக்கொண்டே மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு பக்கம் கட்டணம், பெட்டி, ஹாஸ்டல், ஒரு வருஷம் அவள் சம்பாதிக்காமல் இருப்பது. இன்னொரு பக்கம் குமுளிக்காரியின் சம்பளம். அல்லது ஜங்ஷன் அக்காவின் சனி ஞாயிறு. அல்லது வாகமண் கல்யாணம். எதை வைத்துப் போடுகிறேனோ அதற்கு ஏற்ற விடை வந்தது. விடை வருவதுதான் கணக்கு என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். மூன்று விடை வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

அதிலும் இந்த வீட்டை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றே தெரியவில்லை. வாடகை கொடுக்காத வீடு. விறகு கிடைக்கும், ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் ஒரு ஆணி அடித்தாலும் அது நம் ஆணி இல்லை. இதற்கு என்ன விலை?

கல்யாண போட்டோவில் இல்லாத கை

ரேவதிக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். என் கல்யாண போட்டோவிலிருந்து வந்திருக்கலாம்.

என் கல்யாணத்துக்கு எனக்கு அலங்காரம் செய்தது நான் பிறந்த லயத்துப் பெண்கள்தான். ஒருத்தி பவுடர் கொண்டுவந்தாள், ஒருத்தி மை. ஆளுக்குக் கொஞ்சம் பூசினார்கள். எல்லோரும் முகத்திலேயே பூசினார்களே தவிரக் கழுத்தை யாரும் நினைக்கவில்லை. போட்டோகிராபர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "கைய முந்தானைக்குள்ள வச்சுக்கம்மா," என்றார்.

கொழுந்து எடுத்த விரல்களில் கறுப்பாகக் கறை ஏறியிருக்கும். புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. முகத்தில் அடித்த வெள்ளைக்கு அந்தக் கை வேறு யாருடையதோ மாதிரி இருந்திருக்கும்.

ரேவதி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தப் படத்தைக் காட்டி, "எம்மா, அப்ப உனக்குக் கை கெடையாதா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பதில் வேண்டும் என்று நின்றாள்.

பிளஸ் டூ படிக்கும்போதே போனைப் பார்த்துப் புருவம் திருத்தக் கற்றுக்கொண்டாள். நூலின் ஒரு முனை பல்லில், மறுமுனை விரலில். முதலில் சரோஜா மதினியின் புருவத்தில் பழகினாள். ஒரு வாரம் மதினி எதைப் பார்த்தும் ஆச்சரியப்படுகிறவள் போல நடமாடினாள்.

பிறகு கை பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் நாலைந்து பெண்கள் நிற்பார்கள். அதில் ஒரு வேடிக்கை. எங்கள் ஆட்கள், "நம்ம பிள்ளைதான," என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். யாராவது ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தால் உண்டு. காசு கொடுத்தது ஜார்க்கண்ட் பெண்கள்தான். பூல்மணி என்று ஒருத்தி, எதிர் வரிசையில் இருப்பவள். முதல் நாளே எழுந்து நின்று, "கித்னா?" என்று, எவ்வளவு என்று கேட்டாள். ரேவதி வெட்கப்பட்டு ஒரு விரலைக் காட்டினாள், பத்து ரூபாய் என்ற அர்த்தத்தில். அவள் நூறு ரூபாயை நீட்டினாள். ரேவதி மிச்சம் கொடுத்த தொண்ணூறை வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் இரண்டு பேரைக் கூட்டி வந்தாள்.

எங்கள் வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்று லயத்தில் பேசிக்கொண்ட ஆட்கள்தான் என் மகளுக்கு முதல் சம்பாத்தியம் கொடுத்தார்கள். இதை எந்தப் பக்கம் எழுதுவது?

கை தூக்கினால் என்ன அர்த்தம்

இப்போது கட்டப்பனை நாற்காலிக்குத் திரும்பலாம். என் கை மேலே இருந்தது.

கண்ணில் வில்லை இருந்ததால் எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் பை திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. என் பைதான், ரேவதி மடியில் கொடுத்திருந்தேன். அதில் சீட்டுப் பணம் இருந்தது. கட்டுவதற்காகக் கொண்டு போகவில்லை. "சும்மா விசாரிக்கப் போனாலும் கையில துட்டு இருந்தாத்தான் ஒரு தைரியம் வரும்," என்று வீட்டுக்காரர் வைத்து அனுப்பியது.

பிறகு தாள் கிழியும் சத்தம். ரசீது.

"எம்மா," என்று ரேவதி என் காதருகே குனிந்தாள். "ரொம்ப தேங்க்ஸ்மா. நீ வேண்டாம்னு சொல்லிருவியோன்னு இருந்துச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பூச்சுக்குள் முகம் வியர்த்தது.

எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து எடை போடும் இடத்தில் டிராக்டர் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. எடைக்காரர் தராசைப் பார்த்து எண்ணைக் கத்துவார். கொழுந்து கொண்டுவந்தவள் எடை சரி, எழுதிக்கொள்ளுங்கள் என்பதற்குக் கையைத் தூக்குவாள். உள்ளங்கை அவர் பக்கம் தெரிய வேண்டும். சரியில்லை என்றால் கையைக் கீழேயே வைத்துக்கொண்டு நிற்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த இடத்தில் புத்தகப் பையோடு எனக்காகக் காத்து நின்று வளர்ந்தவள் ரேவதி. அவள் ஆயிரம் முறை பார்த்த கை அது.

எழுதட்டுமா என்று டீச்சர் கேட்டார். அம்மா கையைத் தூக்கினாள். ரேவதி எழுதச் சொன்னாள்.

வேறு எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும், என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள்.

முகத்தைக் கழுவிவிட்டார்கள். குளிர்ந்த தண்ணீர், பிறகு ரோஜா மணக்கும் ஏதோ ஒன்று. வில்லைகளை எடுத்ததும் எதிரே கண்ணாடி. என் முகம் பளிச்சென்று இருந்தது. கழுத்து எப்போதும் போல இருந்தது. மாணவிகள் கைதட்டினார்கள். ஷீபா டீச்சர், "சேச்சி சுந்தரியாயல்லோ," என்றார்.

நான் சிரித்தேன். அப்போது சிரிக்க அனுமதி இருந்தது.

பஸ்ஸில்

கட்டப்பனை ஸ்டாண்டில் பஸ் நின்றுகொண்டிருந்தது. கிளம்ப நேரம் இருந்தது. ரேவதி ரசீதை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"ஏட்டி, நான் பொறுங்கன்னுதான் கையத் தூக்குனேன்," என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்திலிருந்த வெளிச்சம் மெல்ல இறங்கியது.

"இப்பச் சொல்லு," என்றாள். "வேண்டாம்னா வேண்டாம்னு வாயத் தொறந்து சொல்லு. பஸ்ஸு இன்னும் எடுக்கல. ஓடிப் போய் அந்த டீச்சர்ட்ட கால்ல விழுந்தாவது துட்டத் திருப்பி வாங்கிட்டு வாரேன். நாளைக்கே ஆபீஸ்ல போய்ப் பேரும் குடுத்துருதேன். ஆனா நீ சொல்லணும். நானா எடுத்துக்கிட்டேன்னு நாளைக்கு யாரும் பேசக் கூடாது."

நான் வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது என் கூச்சம். ஆனால் வேணும் என்று சொல்லவும் வரவில்லை. அது கூச்சம் இல்லை. எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. வேண்டாம் என்று சொன்னால் அவள் கத்தரி தூக்குவாள், இருபது வருஷத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். வேணும் என்று சொன்னால் கணுக்கால் வீங்க நின்று, எஸ்டேட் சம்பளத்தைவிடக் குறைவாக வாங்குவாள். நாங்கள் எங்கே படுப்போம் என்று தெரியாது.

கண்டக்டர் மணி அடித்தார். பஸ் கிளம்பியது.

"அதான," என்று ரேவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏலக்காய்த் தோட்டங்கள் போய்க்கொண்டிருந்தன. சப்பாத்துப் பாலம் தாண்டும்போது என் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்து, "நல்லாத்தான் போட்டிருக்காளுக," என்றாள்.

ஆபீஸ் ஜன்னல்

மறுநாள் வேலை முடிந்து எஸ்டேட் ஆபீஸுக்குப் போனேன். தனியாகப் போனேன். வந்த நாளிலிருந்து அந்த ஜன்னலில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே தவிர எதையும் கேட்டதில்லை.

"என்னா பாக்கியம், பேரு கொடுக்க வந்ததாணோ?" என்றார் ரைட்டர் சார். மலையாளி. எங்களோடு பேசிப் பேசி அவர் தமிழும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இல்ல சார். எனக்கு லேசு வேலை ஏதாவது இருக்கா? நாத்துப் பண்ணையில."

"அப்போ மோள்?"

"அவ படிக்கப் போறா."

சொல்லிவிட்ட பிறகுதான், நான் என்ன சொன்னேன் என்பது எனக்குக் கேட்டது. அவள் கேட்டபோது பஸ்ஸில் வராத சொல், ஆபீஸ் ஜன்னலில் தானாக வந்துவிட்டது.

நாற்றுப் பண்ணையில் மண் நிரப்புகிற வேலை உண்டு, கை மேலே தூக்க வேண்டாம், டாக்டர் சீட்டு கொண்டுவந்தால் மாற்றலாம் என்றார். ஆனால் கூடுதல் கொழுந்துக்குக் கிடைக்கும் கூடுதல் காசு அங்கே கிடையாது. "குறையும் கேட்டோ," என்று இரண்டு முறை சொன்னார்.

குறையட்டும் என்றேன். சர்வீஸ் முடியும் வரை பெயர் நிற்கும். பெயர் நிற்கும் வரை வீடு நிற்கும். அதற்குள் அவள் ஏதாவது ஆக வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ரேவதிக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது.

"எனக்காக நீ மண்ணு சொமக்கியாக்கும்? நாளைக்கு நான் ஒரு நாள் சிரிச்சுப் பேசினாக்கூட, எங்கம்மா மண்ணு சொமந்து படிக்க வச்சான்னு சரோஜா அத்தை லயம் பூரா சொல்லுவா."

"உனக்காக இல்லட்டி. வீட்டுக்காக," என்றேன்.

அது பாதி உண்மை. எந்தப் பாதி என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது

அவள் படிப்பை முடித்துவிட்டாள். சில மாசமாகக் கட்டப்பனையில் ஒரு பார்லரில் வேலை செய்கிறாள். ஞாயிறு கூட்டம் அதிகம் என்பதால் திங்கட்கிழமைதான் வீட்டுக்கு வருவாள்.

முதல் சம்பளம் வாங்கிய மாசம் எவ்வளவு என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்காரரால் பொறுக்க முடியவில்லை, கேட்டுவிட்டார். அவள் தொகையைச் சொன்னாள். நாற்றுப் பண்ணையில் நான் வாங்குவதைவிடச் சில நூறு ரூபாய் குறைவு.

"அடுத்த வருஷம் கூட்டித் தருவாங்களாம்," என்றாள்.

"சரி," என்றேன்.

"என்ன சரி? திட்டணும்னா திட்டிரு."

திட்டத் தோன்றவில்லை. சந்தோஷப்படவும் தெரியவில்லை. ஒரு கல்யாணத்துக்கு உதவியாளாகப் போய்வந்ததைச் சொன்னாள். மணப்பெண்ணின் முகத்துக்கு ஒருத்தி, முடிக்கு ஒருத்தி, இவள் கைக்கு. அதற்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் பணம் கிடைத்ததாம். நல்ல தொகைதான். மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது என்றாள்.

போன திங்கட்கிழமை, நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் நின்று அவள் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஏலப்பாறை டவுனில் வீடு வாடகைக்கு இருக்கிறதா என்று விசாரிக்கிறாள் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. எத்தனை பேர் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"மூணு பேருண்டு சேட்டா," என்றாள்.

நான் அரிவாள்மணையை விட்டுவிட்டு நின்றேன்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். "யாருட்டி மூணு பேரு? இவ தனியா, நாம தனியால்லா இருக்கோம். மாப்பிள்ள எதுவும் பாத்துட்டாளா?"

"நானும் அவளும் ரெண்டு பேரு," என்றேன். "மூணாவது ஆளு நீங்கதான். கொஞ்சம் மரியாதையா நடந்துக்கிட்டா கூட்டிட்டுப் போவோம்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். இருமல் வந்தது போலத் துடைத்தார், இருமல் வரவில்லை.

ரேவதி போனை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். வாடகை எவ்வளவு சொன்னான் என்று கேட்டேன். அவள் சொன்ன தொகை, கிட்டத்தட்ட அவளுடைய ஒரு மாசச் சம்பளம்.

"அப்பச் சோறு?" என்றார் வீட்டுக்காரர்.

"அதுக்கு இன்னும் கணக்குப் போடல," என்றாள் ரேவதி, தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபடி.